நான் பொய்யனாக்கிய மாணவன்

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் எனக்குப் பதினேழு ஆண்டுகள் கடந்துவிட்டன. கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்ற பிறகே அரபிக் கல்லூரிக்குச் சென்றவன் நான். உலகக் கல்வி, மார்க்கக் கல்வி இரண்டையும் ஓரளவு தொட்டவன் என்பதால், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அகத்தைச் சொல்லிவிடலாம் என்றொரு மிதப்பு எனக்கு இருந்தது. அந்த மிதப்பைப் போக்கியவன் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். அவனைப் பற்றி எழுத அவனுடைய பெற்றோரிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு மஹல்லா. ஆண்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்தச் சிறுவனின் அத்தாவும் சவூதி அரேபியாவில்தான் வேலை பார்க்கிறார். பையன் அம்மாவோடும் நன்னியோடும் வளர்கிறான். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒன்றரை மணி நேரம், மக்ரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் எங்கள் மத்ரஸாவில் ஓதுவான்.

“பாடம் ஓதியாச்சா?” என்று கேட்பேன். கேள்வி முடியும் முன்பே “ஓதிட்டேன் ஹஜ்ரத்” என்று பதில் வந்துவிடும். ஓதிக் காட்டச் சொன்னால் இரண்டாவது ஆயத்தில் நின்றுவிடுவான். “ஒளு செய்தாயா?” என்றால் “செய்தேன்” என்பான். முழங்கை காய்ந்து கிடக்கும். “நாளை கட்டாயம் மனப்பாடம் செய்துவருகிறேன்” என்று கண்ணில் நீர் வரச் சொல்லிச் செல்வான். மறுநாள் எந்த ஸூரா என்பதே அவனுக்கு நினைவிருக்காது. அத்தா இரவில் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது “ஐந்து வேளையும் தொழுதாயா?” என்று கேட்பாராம். “தொழுதேன் அத்தா” என்பானாம். பக்கத்தில் நிற்கும் தாய்க்கு அழுகை வருமாம்.

ஆனால் இதே பிள்ளை உண்மையைச் சொல்லியும் என்னைச் சங்கடத்தில் ஆழ்த்தியிருக்கிறான். ஒருமுறை முத்தவல்லி மத்ரஸாவைப் பார்வையிட வந்தார். “ஹஜ்ரத் நன்றாக ஓதிக்கொடுக்கிறார்களா?” என்று பொதுவாகக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் தலையாட்டினர். இவன் எழுந்து, “நல்லா ஓதிக்கொடுப்பாங்க. வெள்ளிக்கிழமை காலையிலே மட்டும் சுவரிலே சாய்ந்து தூங்குவாங்க” என்றான். முத்தவல்லி சிரித்துவிட்டுப் போனார். பொய்யை அடக்க முடியாத அந்த நாவுக்கு உண்மையையும் அடக்க முடியவில்லை என்பதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கோபம்தான் வந்தது.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் புதிய கிதாபுகளுக்காக ஒவ்வொரு வீட்டிலும் 300 ரூபாய் வாங்கினோம். எல்லாரும் கொடுத்தார்கள். அவனிடமிருந்து மட்டும் வரவில்லை. கேட்டபோது “அம்மா இன்னும் தரலை ஹஜ்ரத்” என்றான். இரண்டு வாரம் கழித்து அவன் தாய்க்குச் சொல்லி அனுப்பினேன். “பணத்தை அன்றைக்கே கொடுத்தனுப்பினேனே, ஹஜ்ரத்திடம் கொடுத்துவிட்டேன் என்றானே” என்று அந்த அம்மையார் திகைத்தார். என்னிடம் ஒரு பேச்சு, தாயிடம் ஒரு பேச்சு, பணத்தையும் காணோம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலை கரும்பலகையில் நயவஞ்சகனின் மூன்று அடையாளங்களை எழுதினேன். பேசினால் பொய் சொல்வது, வாக்களித்தால் மாறு செய்வது, நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தில் மோசம் செய்வது. ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் புகழ்பெற்ற நபிமொழியின் கருத்து அது. எழுதிவிட்டு, “இந்த மூன்றும் உள்ள ஆள் நம்மில் யாராவது இருக்கிறாரா?” என்று கேட்டேன். நான் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முப்பது தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அன்று பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அவனுக்கு “முனாஃபிக்” என்று பெயராகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவன் மத்ரஸாவுக்கு வரவில்லை.

அவனுடைய அம்ம ஜுஸ்வு கிதாபு எங்கள் அலமாரியிலேயே இருந்தது. மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு நாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அதன் மேலட்டை கிழிந்திருப்பதைக் கண்டு, ஒட்டிவைக்கலாம் என்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். உறைக்கும் அட்டைக்கும் நடுவில் நான்காக மடித்த மூன்று நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. தொலைந்துவிடக் கூடாதே என்று அவன்தான் பத்திரமாக வைத்திருக்கிறான். வைத்த இடத்தை மறந்திருக்கிறான். வைத்ததையே மறந்திருக்கிறான்.

அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. லுஹருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

அன்று மாலை அவனுடைய வீட்டுக்குச் செல்ல எண்ணியிருந்தேன். அதற்கு முன்பே அவனுடைய மாமு என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூடத்திலும் பையனைப் பற்றிக் குறை வந்ததால், தஞ்சாவூரில் குழந்தைகளின் மனநலம் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். நன்னி அதற்குள் இரண்டு தாயத்துகள் கட்டிப் பார்த்துவிட்டார் என்பது தனிக்கதை. அந்த மருத்துவர், பிள்ளையை அன்றாடம் பார்க்கும் ஆசிரியர்கள் நிரப்பித் தர வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்திருந்தார். பள்ளி ஆசிரியருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே இடத்தில் மட்டும் தென்படும் குறையை வைத்து முடிவு செய்யக் கூடாது. வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும் என்பது அவர்களுடைய விதியாம்.

இஷாவுக்குப் பின் அந்தப் படிவத்தோடு அமர்ந்தேன். முதல் 18 வினாக்களில் ஒன்பது கவனத்தைப் பற்றியவை. தொடங்கியதை முடிக்காமல் விடுகிறானா, பொருள்களைத் தொலைக்கிறானா, சொன்னதை மறக்கிறானா என்று கேட்டிருந்தன. அடுத்த ஒன்பதும் துடிப்பையும் அவசரத்தையும் பற்றியவை. அவற்றுள் ஒன்று, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறானா என்பது. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘மிக அடிக்கடி’ வரை நான்கு கட்டங்கள். பேனா தயங்காமல் கடைசிக் கட்டங்களிலேயே விழுந்தது. இந்த வினாக்களை எழுதியவர் எங்கள் மத்ரஸாவின் சன்னல் வழியே அவனைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றியது.

அந்தப் பதினெட்டில் பொய் இல்லை. அதற்குப் பின்னர் வேறொரு பகுதியில், சண்டை, திருட்டு இவற்றோடு சேர்த்து அது கேட்கப்பட்டிருந்தது: ஆதாயம் பெறவோ கடமையிலிருந்து தப்பவோ பொய் சொல்கிறானா? ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் ‘மிக அடிக்கடி’ என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்திருப்பேன். இப்போது பேனா நின்றுவிட்டது. அந்த 300 ரூபாயால் அவன் பெற்ற ஆதாயம் என்ன? காய்ந்த முழங்கையோடு “ஒளு செய்தேன்” என்று சொல்லி எதிலிருந்து தப்பினான்? அடுத்த நொடியே பிடிபடுவோம் என்பது யாருக்கும் தெரியுமே! ஏமாற்ற நினைப்பவன் இவ்வளவு மோசமாகவா ஏமாற்றுவான்? அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கட்டத்தில் குறியிடாமல், பக்க ஓரத்தில் நடந்ததை எழுதி அனுப்பினேன். என்னுடைய கரும்பலகையைப் பற்றியும் எழுதினேன்.

இரண்டாம் முறை அவனை அழைத்துச் சென்றபோது நானும் உடன் போனேன். ஏ.டி.ஹெச்.டி. என்றார் மருத்துவர். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். உலக அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பிள்ளைகளிடம் காணப்படுவதாம். அப்படியானால் என் பதினேழு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் என் முன்னால் அமர்ந்து எழுந்து போயிருப்பார்கள் என்று நான் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். கேள்வி காதில் விழுவதற்கும் பதில் நாவில் வருவதற்கும் நடுவே நமக்கெல்லாம் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நாம் நினைவைத் துழாவுகிறோம், நடந்ததா இல்லையா என்று பார்க்கிறோம், பிறகு வாய் திறக்கிறோம். இப்பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி மிகக் குறுகியது. எந்தச் சொல் அந்தக் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவைக்குமோ அது வெளியே வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது “ஆம், செய்துவிட்டேன்” என்பதாகவே இருக்கிறது. வந்த சொல்லைத் திரும்பப் பெற வெட்கம் தடுக்கிறது. பிறகு அதைக் காப்பாற்ற இரண்டாவது சொல் வருகிறது. அந்த இரண்டாவது சொல்தான் உண்மையில் பொய்.

இன்னொன்று, கையில் இருக்கும் செய்தியைச் சற்று நேரம் மனத்தில் பிடித்துவைக்கும் ஆற்றல் அவர்களிடம் குறைவு. பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தது, கொடுத்துவிட்டோம் என்பதாகவே பின்னர் நினைவில் தங்கிவிடலாம். கதவைப் பூட்டினோமா இல்லையா என்று நடுவழியில் நாம் திகைப்பதில்லையா? நமக்கு மாதம் ஒருமுறை வரும் திகைப்பு அவனுக்கு நாளெல்லாம். வாக்குறுதியும் அப்படித்தான். “நாளை ஓதிவருவேன்” என்று அழுதபோது அவனுடைய நிய்யத் தூய்மையானதே. ஆனால் அந்த நாளையை நோக்கி மாலை, இரவு, காலை என்று படிப்படியாக நடக்க அவனுக்குத் தெரியவில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேல், ஆண்டுக்கணக்காக வாங்கிய ஏச்சும் அடியும். உண்மை சொன்னாலும் அடி, பொய் சொன்னாலும் அடி என்று பழகிய பிள்ளை, அடியைச் சற்றே தள்ளிப்போடும் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பென்ன?

மருந்து தருவதா வேண்டாமா என்று அவர்கள் வீட்டில் பெரும் விவாதம் நடந்தது. மருத்துவர் சொன்னபடி கொடுத்தார்கள். அவன் அமர்ந்து ஓதும் நேரம் நீண்டது. அதைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இவ்வளவுதான்.

வரலாறு படித்த பழக்கத்தால் இதன் பழங்கதையையும் தேடிப் படித்தேன். 1902ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், இத்தகைய பிள்ளைகளைப் பற்றி அரச மருத்துவர் கல்லூரியில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத இப்பிள்ளைகளிடம் ஒழுக்கக் கட்டுப்பாட்டில்தான் குறை இருக்கிறது என்பது அவருடைய கூற்று. அவர் அடுக்கிய அடையாளங்களுள் நேர்மையின்மையும் ஒன்று. அவர் கண்ட பிள்ளைகள் அனைவரும் இன்றைய வரையறைக்குள் வருவார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் கவனக்குறைவு என்ற பெயரை முன்வைத்தனர். 1987இல் இன்றைய பெயர் அமைந்தது. ஒழுக்கம் என்ற சொல் அந்தப் பட்டியலிலிருந்து நீங்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. எங்கள் மத்ரஸாவில் அது நீங்க 2023 வரை ஆயிற்று.

என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தின்போது நடந்ததை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம் அப்போது வசதிக்குக் குறைவில்லை. இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. பயண ஏற்பாடு செய்யக் காலையில் புறப்படுவார்கள். எதுவும் செய்யாமல் திரும்புவார்கள். நினைத்தால் செய்துவிடலாம் என்று தமக்குள் சொல்லிக்கொள்வார்கள். இப்படியே நாள்கள் கழிந்தன. படை புறப்பட்டுவிட்டது. விரைந்து சென்று சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வருகிறார்கள் என்ற செய்தி எட்டியதும், என்ன சொல்லித் தப்பலாம் என்று அவர்களுடைய மனமும் தேடியது. எண்பதுக்கு மேற்பட்டோர் சாக்குச் சொல்லி நழுவினர். கஅப் (ரலி) அவர்களோ, என்னிடம் காரணம் எதுவும் இல்லை என்று உள்ளதை உரைத்தார்கள். அதன் விலை ஐம்பது நாள் ஒதுக்கம். பின்னர் தவ்பா அத்தியாயத்தில் அவர்களுடைய மன்னிப்பு இறங்கியது.

அந்த ஸஹாபிக்கு நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, மஆதல்லாஹ்! நான் சொல்ல வருவது என்னைப் பற்றி. இந்த வரலாற்றின் கடைசிப் பகுதியை உரக்கச் சொல்லிய நான், இன்று செய்வோம், நாளை செய்வோம் என்று நாள் கழிந்த அந்த நடுப்பகுதியை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவேன். கஅப் (ரலி) அவர்களே தம் தயக்கத்தை ஒளிக்காமல் ஒவ்வொரு நாளாக எடுத்துச் சொல்லியிருக்க, நான் அதைச் சுருக்கினேன். என் முன்னால் அமர்ந்திருந்த ஒரு பிள்ளைக்கு அந்தப் பகுதிதான் தேவைப்பட்டது.

இன்னொரு சொல்லாராய்ச்சியும் நினைவுக்கு வந்தது. அரபியில் பொய்யுரைத்தலைக் குறிக்கும் ‘கதப’ என்ற சொல், பழைய ஹிஜாஸ் வழக்கில் ‘தவறிவிட்டார்’ என்ற பொருளிலும் ஆளப்பட்டதாக நம் ஆலிம்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் இதைச் சொன்னபோது தேர்வுக்காகக் குறித்துவைத்தேன்.

பையனின் அத்தாவோடு தொலைபேசியில் பேசினேன். இது பெரும்பாலும் குடும்ப வழியாகவே வருவது என்று மருத்துவர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தேன். பிறகு, “ஹஜ்ரத், நானும் இப்படித்தான்” என்றார். ஊருக்குப் பணம் அனுப்பச் சோம்பல் இல்லை; ஆனால் அனுப்ப நினைத்து நினைத்து நாள் கடந்துவிடும்; மனைவி கேட்டால் “அனுப்பிவிட்டேன், இரண்டு நாளில் வரும்” என்பார்; பிறகு இரவோடு இரவாக அனுப்ப ஓடுவார். மேலாளரிடம் முடியாத வேலையை முடிந்துவிட்டது என்று சொல்லி இரண்டு வேலைகளை இழந்திருக்கிறார். “நான் கெட்டவன் என்றே நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மகனையும் அதற்காகத்தான் அதட்டினேன், என்னைப் போல் ஆகிவிடக் கூடாதே என்று” என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

என்னோடு பணியாற்றும் மூத்த உஸ்தாத் ஒருவர் இதையெல்லாம் ஏற்கவில்லை. “இப்படியே போனால் ஒவ்வொரு பொய்யனுக்கும் ஒரு நோயின் பெயர் கிடைத்துவிடும்” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தப் பிள்ளை அசல் பொய்யும் சொல்வான். பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பறித்துவிட்டு, கையில் காயோடு இல்லை என்று சாதித்திருக்கிறான். அதற்கு உரிய கண்டிப்பை அவன் பெற்றான். அவன் அறிவுத் தெளிவுள்ள பிள்ளை. நாளை பருவமடைந்ததும் மற்றவர்களைப் போலத் தன் சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டியவன். நாவை நிறுத்த மற்றப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயிற்சி போதும் என்றால் இவனுக்கு நிறையத் தேவைப்படுகிறது. அந்தப் பயிற்சியைத் தராமல் தீர்ப்பை மட்டும் நான் தந்தேன்.

இப்போது விடை தெரிந்த கேள்வியை அவனிடம் கேட்பதில்லை. “ஓதியாச்சா?” என்பதை விட்டு, “எதுவரை ஓதினாய், காட்டு” என்கிறேன். ஒளுவைப் பற்றிக் கேட்காமல் நானும் ஹவுளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். அவசரமாக ஒரு பதில் வந்தால், “யோசித்துவிட்டு மறுபடி சொல், முதலில் சொன்னது கணக்கில் இல்லை” என்பேன். மாற்றிச் சொன்னால் அதற்காகத் தண்டனை கிடையாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். தொடக்கத்தில் அவன் இதை நம்பவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் என்னைச் சோதித்துப் பார்த்தான். இரண்டு முறை நானும் ஒப்பந்தத்தை மீறி அதட்டிவிட்டேன். வாக்களித்து மாறு செய்தது யார் என்று அவன் கேட்கவில்லை.

தாய்மார்களும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். இத்தகைய பிள்ளை என்ற ஐயம் இருந்தால் அக்கம்பக்கத்துப் பேச்சை விட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அவன் மத்ரஸாவுக்குத் திரும்பி வந்த முதல் நாள், பிள்ளைகள் அனைவரையும் அமரவைத்து அந்த 300 ரூபாயைக் காட்டினேன். கரும்பலகையில் எழுதிய நபிமொழி சத்தியம், அதை இந்தப் பிள்ளை மீது சார்த்தியது என் குற்றம் என்றேன். குரல் தழுதழுத்தது. அவனிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவனோ அண்ணாந்து, விட்டத்தில் பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பையன் விலாவில் இடித்த பிறகே திரும்பி, “சரி ஹஜ்ரத்” என்றான். பல்லி பூச்சியைப் பிடித்ததா என்பதை மற்றவர்களிடம் விசாரித்தான்.

இவ்வாண்டு மத்ரஸாவின் மின்விசிறிகளை நிறுத்தும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். மூத்த உஸ்தாத் வேண்டாம் என்றார், நான் கொடுத்தேன். சென்ற வாரம் ஃபஜ்ருக்கு வந்து கதவைத் திறந்தேன். நான்கு விசிறிகளும் இரவெல்லாம் ஓடியிருந்தன. பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள். என்னையும் மீறிப் பழைய கேள்வியே வந்துவிட்டது: “நேற்று விசிறியை நிறுத்தினாயா?”

“நிறுத்…” என்று தொடங்கினான். வாயை மூடினான். அண்ணாந்து விசிறிகளைப் பார்த்தான். முகம் சிவந்தது.

“மறந்துட்டேன் ஹஜ்ரத்” என்றான்.